சோளத்தட்டை வண்டியும் கஸ்டானி மனிதர்களும்

ஜெர்மனியின் பான் நகரத்தில் அக்டோபர் வந்தால் குழந்தைகளின் சட்டைப் பைகள் கனத்துவிடும். போப்பல்ஸ்டோர்ஃப் அரண்மனைக்குப் போகிற நீளமான சாலையின் இருபுறமும் குதிரைக் கஷ்கொட்டை மரங்கள் வரிசையாக நிற்கின்றன. முள்தோல் வெடித்து, தேய்த்து வைத்த புளியங்கொட்டையைப் போலப் பளபளக்கும் கொட்டைகள் தரையெல்லாம் சிதறிக் கிடக்கும். இங்குள்ளவர்கள் கஸ்டானி என்கிறார்கள். வறுத்துத் தின்கிற கஷ்கொட்டை வேறு. இது மனிதர் வாயில் வைக்கக் கூடாதது. தின்ன முடியாத ஒரு கொட்டைக்காகச் சின்னவர் பெரியவர் எல்லாரும் இத்தனை ஆசையோடு குனிந்து எழுவதைப் பார்க்க எனக்கு இன்றும் சந்தோஷமாக இருக்கிறது.

ஹரிபோ என்ற மிட்டாய் நிறுவனம் பிறந்தது இந்த ஊரில்தான். 1936-இல் அதன் நிறுவனர் ஹான்ஸ் ரீகல் ஒரு பண்டமாற்றைத் தொடங்கிவைத்தார். பத்துக் கிலோ கஸ்டானி கொண்டுவந்தால் ஒரு கிலோ மிட்டாய். ஓக் மரத்துக் கொட்டை என்றால் ஐந்து கிலோவே போதும். சேர்ந்த கொட்டைகள் குளிர்காலத்தில் காட்டு விலங்குகளுக்குத் தீனியாகப் போகும். தாத்தாவும் பேரனுமாகச் சாக்கைத் தூக்கிக்கொண்டு மணிக்கணக்கில் வரிசையில் நின்றிருக்கிறார்கள்.

மிட்டாய்க்குப் போகாத கொட்டைகள் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்து சேரும். கஸ்டானி மனிதர்கள் செய்யாத பாலர் பள்ளியோ சின்னப் பிள்ளை இருக்கிற வீடோ இந்த மாதத்தில் இங்கே அபூர்வம். பெரிய கொட்டை உடம்பு, சிறியது தலை. சின்னக் கைத்துளைப்பானால் ஓட்டை போட்டுத் தீக்குச்சியைச் செருகினால் கழுத்து, கை, கால். ஓக் கொட்டையின் மூடியைக் கவிழ்த்தால் தொப்பி. நான்கு கால் வைத்தால் குதிரை. நிறையக் குச்சிகளைச் செருகினால் முள்ளெலி. இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. பொறுக்கிய அன்றே செய்துவிட வேண்டும். அன்று உள்ளே ஈரம் இருக்கும், துளைப்பான் வெண்ணெயாக இறங்கும். வாரம் கடந்தால் கல்லாகிவிடும். குழந்தை அழுத்துகிற அழுத்தில் துளைப்பான் சறுக்கி விரலைத்தான் பதம் பார்க்கும். அன்றே செய்தாலும், கொட்டை காயக் காயச் சுருங்கும். ஓட்டை விரிந்து, டிசம்பருக்குள் கால்கள் ஒவ்வொன்றாகக் கழன்று விழும். யாரும் பசை தடவிக் காப்பாற்றுவதில்லை. அடுத்த அக்டோபரில் புது மனிதர்கள் வருவார்கள்.

திண்டுக்கல்லை அடுத்த அகரத்தில் வளர்ந்தவளுக்கு இது பழகிய விஷயம். ஐப்பசியில் எங்கள் ஊர் முத்தாலம்மன் திருவிழா. அம்மனைக் களிமண்ணால் புதிதாகச் செய்து, கண் திறந்து, ஊரே கூடிக் கொண்டாடிவிட்டு, கரைந்துபோகப் பூஞ்சோலைக்கு அனுப்பிவைப்போம். அந்த நாட்களில் குடகனாற்று ஓரத்தில் களிமண் எடுத்துச் சின்ன அம்மன்கள் செய்யாத பிள்ளைகள் எங்கள் தெருவில் கிடையாது. மழையில் அவை கரைந்தால் யாரும் அழுததில்லை. கரைவதுதான் முறை என்று பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள்.

கையில் கிடைத்தது எல்லாம் விளையாட்டுச் சாமானாகிற ஊர் அது. பூவரச இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கி ஊதினால் பீப்பி. பனையோலைத் துண்டு இரண்டும் கருவேல முள்ளும் இருந்தால் காற்றாடி. நுங்கைத் தோண்டித் தின்ற கூந்தல் இரண்டைக் குச்சியில் கோத்துக் கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி. தென்னோலையில் பாம்பு, கிளி, கைக்கடிகாரம். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் மேலே நான் வைப்பது சோளத்தட்டையைத்தான்.

தை மாதம் அறுப்பு முடிந்து காய்ந்த தட்டையை எடுத்துக் கணுவுக்குக் கணு ஒடித்துக்கொள்ள வேண்டும். மேல்தோலை நீளவாக்கில் உரித்தால் விறைப்பான, வளையக்கூடிய பட்டைகள் வரும். உள்ளே மெத்தென்ற வெள்ளைத் தக்கை. தக்கையைத் துண்டு போட்டு, உரித்த பட்டையின் கூர்முனையை அதில் குத்தினால் அப்படியே பிடித்துக்கொள்ளும். நூல் வேண்டாம், ஆணி வேண்டாம், பசை வேண்டாம். பட்டையை வளைத்து இரு முனையையும் ஒரே தக்கையில் குத்தினால் சக்கரம். இரண்டு வளையத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மூக்குக்கண்ணாடி. நுகத்தடி, பாரச்சட்டம், கூண்டு என்று முழு மாட்டு வண்டியும் ஒரு தட்டைக்குள் இருக்கிறது. உரித்த தோலின் விளிம்பு மட்டும் பிளேடு மாதிரி அறுக்கும்.

இந்த ஊருக்கு வந்த பிறகுதான் இதே வேலை ஒரு பாடத்திட்டத்தில் இருந்ததைப் படித்துத் தெரிந்துகொண்டேன். 1837-இல் பாட் பிளாங்கன்பர்க் என்ற சிற்றூரில் சின்னக் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய ஃபிரெட்ரிக் ஃபிரோபல், மூன்று ஆண்டு கழித்து அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயர் வைத்தார். அவர் வகுத்த கைவேலைகளில் காகித மடிப்பு, பின்னல் இவற்றோடு பட்டாணி வேலை என்றும் ஒன்று உண்டு. ஊறவைத்த பட்டாணியில் மெல்லிய குச்சிகளைக் குத்திக் கட்டடம் எழுப்புவது. காய்ந்ததும் பட்டாணி குச்சியை இறுகப் பிடித்துக்கொள்ளும். தக்கைக்குப் பதில் பட்டாணி, அவ்வளவுதான் வித்தியாசம். அமெரிக்காவில் பக்மின்ஸ்டர் ஃபுல்லர் என்ற சிறுவன் பார்வை மங்கியவன். மற்றப் பிள்ளைகள் பட்டாணியும் குச்சியுமாகச் சதுர வீடு கட்டியபோது, அவன் விரலால் தடவித் தடவி எது ஆடாமல் நிற்கிறது என்று பார்த்து முக்கோணங்களாகக் கட்டினான். முக்கோணங்களாலான குவிமாடங்களால் பின்னாளில் உலகப் புகழ் பெற்றவர், இந்தப் பால பாடத்தைத் தாமே சொல்லியிருக்கிறார். அகரத்தில் தட்டை வண்டி செய்த ஒவ்வொரு பிள்ளைக்கும், குறுக்குச் சட்டம் போடாவிட்டால் கூண்டு சாயும் என்பது தெரியும். அதற்கு மதிப்பெண் கொடுக்க அன்று யாரும் இல்லை என்பதுதான் என் வருத்தம்.

எங்கள் பக்கத்துக்கும் இந்த வரலாற்றில் இடம் உண்டு. இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்தார். அடுத்த ஆண்டு இத்தாலி போரில் இறங்கியதும் அவர் எதிரி நாட்டுக் குடிமகளாகிவிட்டார். நினைத்தபடி ஊர் திரும்ப முடியவில்லை. 1942 முதல் 1944 வரை அவர் தங்கியிருந்தது, இன்று திண்டுக்கல் மாவட்டத்தில் இருக்கிற கொடைக்கானலில். இலை, பூச்சி, பாறை, தண்ணீர் எல்லாம் ஒன்றோடொன்று எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதைக் குழந்தைக்குக் காட்டுகிற அவருடைய கல்விமுறை உருப்பெற்றது அந்த மலையில், அங்கிருந்த பிள்ளைகளோடு பழகித்தான். மலையடிவாரச் சமவெளியிலோ 1947-இல் காந்திகிராமம் தொடங்கி, கைத்தொழில் வழியே படிப்பு என்ற ஆதாரக் கல்வியை நடத்திக் காட்டியது. இப்படிப்பட்ட மண்ணிலிருந்து வந்த நாம், கைவேலை என்றால் கடையில் பெட்டி வாங்குவது என்று நினைக்கப் பழகிவிட்டோம்.

அந்தப் பெட்டிகள் எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. அளவெடுத்து வெட்டிய துணி, ஒட்டுகிற பிளாஸ்டிக் கண், படம் போட்ட செய்முறைத் தாள். படத்தில் இருப்பது மாதிரியே வந்தால் வெற்றி, வராவிட்டால் குழந்தை அழுகிறது. ஜிகினாத் தூளைக் கொட்டினால் அது சாக்கடை வழியாக ஆற்றுக்குப் போய்ச் சேர்கிறது. உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடுத்தபோது, தாமதமானாலும் நல்ல காரியம் என்றுதான் தோன்றியது. கஸ்டானிக்குச் செய்முறைத் தாள் கிடையாது. கொட்டை கோணலாக இருந்தால் மனிதரும் கோணலாக நிற்பார். அதை வைத்துப் பிள்ளை ஒரு கதை சொல்லும்.

இந்த நாட்டிடம் நான் மனதாரக் கற்றுக்கொண்டது, பிள்ளையின் கையில் கத்தியை நம்பிக் கொடுப்பதை. நகரத்தை ஒட்டிய கொட்டன்ஃபோர்ஸ்ட் காட்டுக்குப் பிள்ளைகளோடு போகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். ஐந்து வயதுக் குழந்தை மரத்துண்டின் மேல் உட்கார்ந்து குச்சி சீவும். சட்டங்கள் கறார்: உட்கார்ந்துதான் சீவ வேண்டும், கத்தி உடம்பை விட்டு வெளிப்பக்கமாகப் போக வேண்டும், கை எட்டுகிற தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது, எழுந்து நடக்குமுன் கத்தி உறைக்குள் போய்விட வேண்டும். முதலில் எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. பிறகு யோசித்தால், பண்ணருவாளால் ஓலை கிழித்து வளர்ந்தவள்தானே நானும். பயம் எனக்கு நகரத்தில் வந்து சேர்ந்த ஒன்று. காட்டையே வகுப்பறையாகக் கொண்ட பாலர் பள்ளி இங்கே வீஸ்பாடனில் 1968-இல் ஆரம்பித்தது. 1993-இல் ஃபிளன்ஸ்பர்க்கில் ஒன்று அரசு அங்கீகாரம் பெற்றபின் நாடெங்கும் பரவி, இன்று ஆயிரத்துக்கும் மேல் இருக்கின்றன. மழையானாலும் பனியானாலும் பிள்ளைகள் வெளியில்தான். வீடு திரும்பியதும் முழங்காலின் பின்பக்கம், கழுத்து, அக்குள் என்று உண்ணி தேடுவது அங்கே பல் தேய்ப்பது போல அன்றாட வேலை.

காட்டில் எதையும் எடுத்துக்கொள்ளலாமா என்றால், அளவோடு எடுக்கலாம். இந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, காட்டுப்பூ, புல், பாசி, காய், கிளை இவற்றைச் சொந்த உபயோகத்துக்குக் கொஞ்சமாக, செடி கெடாமல் எடுக்க எல்லாருக்கும் உரிமை தருகிறது. ஒரு கைப்பிடிப் பூச்செண்டு அளவு என்பது வழக்கு. காப்பிடங்களில் இதுவும் கூடாது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பதும் கைவேலையில் சேர்த்திதான். எங்கள் வீட்டில் உதிர்ந்ததற்கே முதலிடம்.

புலம்பெயர்ந்த வீடுகளில் ஒரு ஏக்கம் உண்டு. பிள்ளைக்கு ஊரைக் காட்ட வேண்டும் என்று சூட்கேஸில் ஓலைப்பெட்டியும் மரப்பாச்சியும் கொண்டுவருகிறோம். அவை அலமாரியில் கண்ணாடிக்குப் பின்னால் நிற்கின்றன. தொட்டால் உடையும் என்று பிள்ளையை அதட்டுகிறோம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புகளில் பொங்கல் பானையைத் தெர்மோகோலில் வெட்டுவதைப் பார்க்கிறபோது மனம் கேட்பதில்லை. சன்னலுக்கு வெளியே மேப்பிள் இலை மஞ்சளும் சிவப்புமாகக் கொட்டிக் கிடக்கிறது. ஊரின் பொருளை விட ஊரின் பழக்கத்தைக் கொடுப்பது நல்லது என்று நான் உறுதியாக நம்புகிறேன். பிள்ளை எந்த மண்ணில் நடக்கிறதோ அந்த மண்ணில் விழுந்ததைப் பொறுக்கி, நம் விரல்களுக்குத் தெரிந்த வேலையை அதில் செய்துகாட்டுவது.

சோளம் இங்கே அபூர்வம். மக்காச்சோளம் மாட்டுத் தீவனத்துக்காகக் காடு காடாக நிற்கும். உழவரிடம் கேட்டு வயலோரத்தில் காய்ந்து நின்ற தட்டைகளை வாங்கிவந்தோம். அகரத்திலிருந்து அப்பா தொலைபேசித் திரைக்குள் வந்து உட்கார்ந்துகொண்டார். "முறிக்காத தாயி, நகத்தக் குடுத்து உரி. தோலு கைய அறுக்கும், பாத்து" என்றார். "தாத்தா, இது ரொம்பத் தடி" என்றாள் மகள். "தடியா இருந்தா லாரி செய்யி" என்றார் அவர். மக்காச்சோளத் தக்கை சோளத்தைவிடக் கொஞ்சம் தளர்வு. பட்டை கூடுதல் தடிப்பு, வளைத்தால் ஒடிகிறது. வெந்நீரில் ஊறப்போடச் சொன்னார். வளைந்தது. லாரிதான் செய்தாள். அவர்கள் பேசியது முழுக்கத் தமிழ்: கணு, தக்கை, பட்டை, சொருகு, இறுக்கு, விரிசல். எந்தப் பாடப் புத்தகத்திலும் அவளுக்குக் கிடைக்காத சொற்கள். செய்துகொண்டே கேட்டதால் மறக்கவில்லை.

வேறு நாடுகளில் இருக்கிறவர்களுக்கும் பொருளுக்குப் பஞ்சமில்லை. டொராண்டோவில் மேப்பிள் விதைகள் சிறகோடு சுழன்று விழும். சிட்னியில் யூகலிப்டஸ் காய்கள் சொப்புப் பாத்திரங்களாகவே காய்க்கின்றன. சிங்கப்பூரில் நடைபாதையில் கிடக்கிற சிவப்பு சாகா விதை நம்மூர் மஞ்சாடிதான். அதைப் பல்லாங்குழிக்கு எடுத்துக்கொள்ளலாம், ஆனால் சின்னப் பிள்ளை வாயில் போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கறுப்பு முனை வைத்த குன்றிமணி கடும் நஞ்சு. பிள்ளையாருக்குக் கண் வைக்க நாம் பயன்படுத்தியதுதான் என்றாலும் குழந்தை கைக்கு வேண்டாம், மிளகு போதும். இங்கே அதே எச்சரிக்கை யூ மரத்தின் சிவப்புப் பழத்துக்கு.

நவம்பர் 11 புனித மார்ட்டின் நாள். மாலையில் பிள்ளைகள் கையில் விளக்கோடு தெருவில் பாடிக்கொண்டு போவார்கள். கார்த்திகைத் தீபமும் அடுத்த சில வாரங்களில் வருவதால், தமிழ் வகுப்புப் பிள்ளைகள் இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்குச் செய்கிறார்கள். மேப்பிள் இலைகளைக் கனமான புத்தகத்துக்குள் ஒரு வாரம் வைத்துத் தட்டையாக்கி, ஊறுகாய் போத்தலின் வெளிப்புறம் ஒட்டி, மேலே இன்னொரு பூச்சுப் பசை தடவி, கழுத்தில் கம்பி கட்டுவது. உள்ளே அகல் வைத்தால் இலையின் நரம்பெல்லாம் தெரியும். பசை வீட்டில் காய்ச்சியதுதான்: ஒரு பங்கு மைதா, ஐந்து பங்கு தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. ஊரில் பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள்; பிள்ளைகள் விரலால் தடவுகிற பசையில் அது கூடாது. கட்டி தட்டாமல் கிண்டி, கண்ணாடி போல ஆனதும் இறக்கி, ஆறியபின் அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும்; இரண்டாம் நாள் புளித்துவிடும்.