இஞ்ச் டேப்போடு ஷோரூமுக்கு!

அந்தக் காலத்தில் கார் வாங்குவது ரொம்ப சுலபம் சார். அம்பாஸடர், இல்லையென்றால் பத்மினி. பணம் கட்டிவிட்டுக் காத்திருப்பது ஒன்றுதான் வேலை. 1983-ல் மாருதி 800 வந்த பிறகும் காத்திருப்பு தீர்ந்தபாடில்லை. கிடைத்தால் போதும் என்று நின்றவர்களிடம் போய், "சீட் உயரம் சரியா? டிக்கி பத்துமா?" என்று கேட்டிருந்தால் அடிக்க வந்திருப்பார்கள்.

இன்றைக்கு நிலைமை தலைகீழ். சென்னையில் ஜி.எஸ்.டி. ரோடு பக்கம் போய்ப் பாருங்கள். (கிராண்ட் சதர்ன் டிரங்க் ரோடு. வரிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை!) ஷோரூம் ஷோரூமாகக் கார்கள். ஒவ்வொன்றிலும் வால்மார்க்கெட் மூட்டை மாதிரி வசதிகள். காரில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தால் ஆயுசு பத்தாது. எது இருந்தால் வேண்டாம், எது இல்லாவிட்டால் வேண்டாம் என்று பார்த்தால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துவிடும்.

அடியேன் பி.காம். கணக்கியலில் ஒரு பால பாடம் உண்டு. வரப்போகிற லாபத்தை எழுதாதே. வரக்கூடிய நஷ்டத்துக்கு இப்போதே ஒதுக்கி வை. கார் விஷயத்திலும் அதேதான். இருபது வசதிகள் சேர்ந்தாலும் ஒரு பெரிய குறையை நேர் செய்ய முடியாது.

எங்கள் வீட்டில் அந்தக் குறை எது என்று முடிவு செய்தது அப்பாவின் இடது கால்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம். பிழைத்து எழுந்துவிட்டார். இடது கால் மட்டும் பாதி சொன்னபேச்சு கேட்கும், பாதி கேட்காது. வாரம் மூன்று நாள் பிசியோதெரபி. ஆட்டோவில் ஏற்ற நானும் டிரைவரும் ஆளுக்கொரு தோளைப் பிடிக்க வேண்டும். தெருவே வேடிக்கை பார்க்கும். எங்கள் நாலு பேரையும் ஒரே ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு ஊரைச் சுற்றிய மனுஷர் அவர். ஒரு நாள், "இன்னிக்கு வேணாம்டா, கால் வலிக்குது" என்றார். அடுத்த தடவையும் அதே. அப்புறம் ஒரு வாரம் முழுக்கப் போகவில்லை. காரணம் கால்வலி இல்லை என்பது எனக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும்.

அம்மாதான் சமையலறையில் வைத்து மெதுவாகச் சொன்னாள்: "அவரா ஏறி அவரா இறங்கற மாதிரி ஏதாவது பாருடா."

அவ்வளவுதான் ஸ்பெசிஃபிகேஷன்!

பிசியோதெரபிஸ்ட் சொல்லி, அப்பாவின் கட்டில் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தியிருந்தோம். அதில் அவர் யார் உதவியும் இல்லாமல் உட்கார்ந்து எழுந்திருப்பார். அளந்து பார்த்தேன். 22 அங்குலம். இஞ்ச் டேப்பை பாக்கெட்டில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

முதல் ஷோரூமில் டை கட்டிய தம்பி ஓடி வந்தார்.

"சார், பனோரமிக் சன்ரூஃப்! பட்டனைத் தட்டினா முழுசா திறக்கும்."

"மெட்ராஸ் வெயில்ல கூரையைத் திறந்து வெச்சு என்ன தம்பி பண்றது? வடாம் காயப்போடவா?"

குனிந்து தரையிலிருந்து சீட் வரை அளந்தேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "சார், சீட் கவர் தைக்கவா? நாங்களே போட்டுத் தரோம் சார்!"

இந்த இடத்தில் ஒரு சொந்த சோகம். காலேஜ் நாளிலிருந்து எனக்கு நீளமான செடான் கார் மேல் ஒரு கண். அளந்தேன். 18 அங்குலம். கிணற்றில் இறங்குகிற மாதிரி உட்கார வேண்டும், எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும். நாலே அங்குலத்தில் முறிந்தது என் பதினைந்து வருஷக் காதல்! அடுத்தது உயரமான எஸ்.யூ.வி. அது மாடிப்படி ஏறுகிற கதை. இன்னொன்றில் உயரம் சரி, ஆனால் கதவுக்கு அடியில் வாசற்படி மாதிரி ஒரு விளிம்பு. தூக்க முடியாத காலை அதற்கு மேலே எப்படித் தூக்குவது? மூன்றும் அவுட்.

மற்ற 'கூடாது'களையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் உதவும்.

சி.என்.ஜி. செலவு கம்மிதான். ஆனால் சில கார்களில் சிலிண்டர் டிக்கியை மொத்தமாக விழுங்கிவிடும். மடக்கு சக்கர நாற்காலியை எங்கே வைப்பது? தலையிலா? (சிலிண்டரை இரண்டாகப் பிரித்துத் தரையோடு படுக்க வைத்த மாடல்களும் இப்போது உண்டு. டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.)

ஸ்டெப்னி. காற்றழுத்தம் காட்டும் கருவியும் பங்க்சர் ஒட்டும் கிட்டும் கொடுத்தால் ஸ்டெப்னி இல்லாமலே கார் விற்கலாம் என்று 2020-ல் மத்திய அரசு விதியைத் திருத்தியது. ஆணி குத்தினால் கிட் போதும். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அது வெறும் அழகுப்பொருள். ராத்திரி பத்து மணிக்கு திண்டிவனம் தாண்டி அப்பாவோடு நிற்க நான் தயாராக இல்லை.

டச் ஸ்கிரீன். இது என் மனைவியின் வீட்டோ. "ஏங்க, ஏ.சி.யைக் குறைக்க மூணு தடவை திரையைத் தட்டணுமா? அதுக்குள்ள முன்னாடி போற தண்ணி லாரிக்குள்ளே போயிடுவோம்!" அவள் சொன்னதை ஐரோப்பாக்காரர்களும் வேறு விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். கார்களை மோதவிட்டுச் சோதிக்கும் யூரோ என்கேப் அமைப்பு, 2026 முதல் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குத் தொட்டுணரக்கூடிய தனி பட்டனோ நெம்புகோலோ இல்லாவிட்டால் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. என் மனைவிக்கு இதைச் சொன்னேன். "அவங்களுக்கு இப்பதான் தெரிஞ்சுதா?" என்றாள்.

ஸ்டார். நம் ஊரிலேயே பாரத் என்கேப் சோதனை 2023 அக்டோபரில் தொடங்கிவிட்டது. கட்டாயம் இல்லை, கம்பெனிகள் விருப்பப்பட்டால்தான். ஸ்டார் எத்தனை என்று கேட்டதும் விற்பவர் ஸ்பீக்கர் எத்தனை என்று பதில் சொன்னால், புரிந்துகொண்டு எழுந்து வந்துவிடுங்கள். ஏ.பி.எஸ். 2019-லிருந்தே புதுக் கார்களில் கட்டாயம். சட்டம் சொல்வதைச் செய்துவிட்டு அதையே பெருமையாகச் சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

வரி. 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள், பெட்ரோலில் 1200 சி.சி., டீசலில் 1500 சி.சி. வரை உள்ள கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அந்தக் கோட்டைத் தாண்டினால் 40. (மின்சாரக் காருக்கு 5.) சம்பள ஸ்லிப் இல்லாத என்னைப் போன்ற ஃப்ரீலான்ஸர்கள் அந்தக் கோட்டை லட்சுமண ரேகையாகவே மதிப்பது நல்லது.

பழைய கார் பார்க்கிறவர்களுக்கு இரண்டு. ஒன்று, சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்துப் பாருங்கள். 2015, 2023 வெள்ளங்களைப் பார்த்த ஊர் இது. சீட்டைத் துடைப்பவர்கள் பெல்ட்டின் கடைசி முழத்தை மறந்துவிடுவார்கள். அங்கே சேற்றுக் கறை இருந்தால் கும்பிடு போட்டுவிடுங்கள். இரண்டு, ஆர்.சி. புத்தகத்தில் பேங்க் பெயர் இருந்தால், கடன் தீர்ந்ததற்கான படிவம் 35-ம் பேங்கின் என்.ஓ.சி.யும் கைக்கு வராமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

இப்படித் தள்ளித் தள்ளி, இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருந்தது ஒரே ஒரு கார். அழகு என்று சொல்ல முடியாது. பிரட் பாக்கெட்டுக்கு நாலு சக்கரம் வைத்த மாதிரி இருக்கும். அப்பாவை அழைத்துப் போனேன்.

டை தம்பி கை கொடுக்க ஓடி வந்தார். நான் அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

அப்பா காருக்கு முதுகைக் காட்டி நின்றார். தடியை என்னிடம் கொடுத்தார். கதவு விளிம்பைப் பிடித்தபடி மெதுவாக உட்கார்ந்தார். திரும்பினார். வலது காலை உள்ளே வைத்தார். இடது காலை இரண்டு கையாலும் தூக்கி, பக்கத்தில் வைத்தார். கதவை அவரே இழுத்துச் சாத்தினார். கொஞ்ச நேரம் முன்னால் பார்த்தபடி இருந்தார். அப்புறம் கண்ணாடியை இறக்கி, "ஏண்டா வெயில்ல நின்னுக்கிட்டு? ஏறி வண்டியை எடு" என்றார்.

இப்போது பிசியோதெரபிக்கு ஒரு நாளும் லீவு போடுவதில்லை. பத்து நிமிஷம் முன்னாடியே காரில் போய் உட்கார்ந்துகொண்டு, எனக்காக ஹாரன் அடிக்கிறார்!

உங்கள் வீட்டுக்கு அங்குலம் வேறாக இருக்கலாம். கைக்குழந்தை இருக்கலாம், ஆறடி மச்சான் இருக்கலாம், இரண்டு ஸ்கூட்டருக்கு நடுவில் ஒடுங்கிய பார்க்கிங் இருக்கலாம். அதை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போங்கள். ஷோரூமுக்குள் நுழைந்த பிறகு எழுதினால் அது சன்ரூஃப் என்றுதான் வரும்.

"சரி, கடைசியில் என்ன கார் வாங்கினீர்கள்?" என்று கேட்கிறீர்களா? பெயரைச் சொன்னால் விளம்பரம் ஆகிவிடும். சீட் உயரம் மட்டும் சொல்கிறேன்: 22 அங்குலம்!