பெயர்கள் பல, பெண் ஒருத்தி

நோய்க்குப் பெயர் தெரிந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும் என்பார்கள். சர்க்கரை, ரத்தக்கொதிப்பு என்று டாக்டர் சொல்லிவிட்டால் பிறகு மாத்திரை, பத்தியம், அக்கம்பக்கத்தாரின் இலவச ஆலோசனை என்று வாழ்க்கை ஓர் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. மனநோயின் கதை வேறு. அங்கே பெயர் கிடைத்த பிறகுதான் பாரம் ஏறுகிறது. அது சினிமாக்காரர்களுக்குப் பிடித்துப்போன பெயராக இருந்துவிட்டாலோ, சுமப்பவரின் பாடு சொல்லி மாளாது.

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் 1927ல் பிறந்த கிறிஸ் காஸ்ட்னர் சைஸ்மோருக்கு அப்படி ஒரு பெயர் வாய்த்தது. 1950களின் தொடக்கத்தில் ஜார்ஜியாவின் அகஸ்டா நகரில் கார்பெட் திக்பென் என்ற மனநல மருத்துவரிடம் அவர் போனது தாங்க முடியாத தலைவலிக்காக. வலியோடு நினைவும் அறுந்துபோகும். இடையில் என்ன நடந்தது என்று தெரியாது. அலமாரியில் தான் வாங்கியதாக நினைவே இல்லாத விலையுயர்ந்த உடைகள் தொங்கும். கணவர் கத்துவார். அதிர்ந்து பேசாத அந்த இளம் தாய்க்குப் பதில் சொல்லத் தெரியாது.

ஒரு நாள் டாக்டருக்கு அவரிடமிருந்து கடிதம் வந்தது. பெரும்பகுதி நிதானமான கையெழுத்து. கடைசி வரிகள் மட்டும் குழந்தையின் கிறுக்கல். பின்பு ஒரு சந்திப்பில், அதே நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருப்பது போல இருந்தது. துடுக்கான பேச்சு, கண்ணில் குறும்பு. முதலாமவளைப் பற்றி இவளுக்கு எல்லாம் தெரியும். முதலாமவளுக்கு இப்படி ஒருத்தி இருப்பதே தெரியாது. சில மாதங்களில் மூன்றாவதாக ஒருத்தியும் வந்தாள்.

திக்பென்னும் அவருடைய சகாவான ஹெர்வி கிளெக்லியும் 1954ல் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நோயாளியின் அடையாளத்தை மறைக்க ஈவ் ஒயிட், ஈவ் பிளாக், ஜேன் என்று புனைபெயர்கள் இட்டார்கள். 1957ல் ‘த த்ரீ ஃபேஸஸ் ஆஃப் ஈவ்’ என்ற பெயரில் புத்தகம் வெளிவந்தது. அதே ஆண்டு திரைப்படமும் வந்தது. ஈவாக நடித்த ஜோன் உட்வர்டுக்கு ஆஸ்கர் பரிசு கிடைத்தது. திரையில் எல்லாம் சுபமாக முடிந்தது. பாட்டியின் சடலத்தை முத்தமிடச் சொன்ன ஒரு குழந்தைப் பருவ நினைவு மீண்டதும் நோய் அகன்றது. ஜேன் புது வாழ்வுக்குப் புறப்பட்டாள்.

ஆனால் திரை விழுந்த இடத்தில் சைஸ்மோரின் நோய் முடியவில்லை. அடுத்த பதினேழு ஆண்டுகள் தொடர்ந்தது. அவர் பிற்பாடு எழுதிய கணக்குப்படி, ஏறத்தாழ இருபது முகங்கள் வெவ்வேறு காலங்களில் தோன்றி மறைந்தன. உலகம் குணமாகிவிட்டதாகக் கைதட்டிய பெண், வர்ஜீனியாவில் குடும்பம் நடத்திக்கொண்டு, தான்தான் அந்த ஈவ் என்று வெளியே சொல்ல முடியாமல் இருந்தார். புகழ் ஈவுக்கு, வேதனை சைஸ்மோருக்கு என்று பங்கு பிரிந்திருந்தது.

1974ல், வேறொரு மருத்துவரின் சிகிச்சையில், தான் ஒருத்தியாகிவிட்டதாக அவர் உணர்ந்தார். மறு வருடமே தன் அடையாளத்தைப் பகிரங்கப்படுத்தினார். 1977ல் அவர் உறவினர் ஒருவருடன் சேர்ந்து எழுதிய புத்தகத்தின் தலைப்பு, ‘நான்தான் ஈவ்’ என்று பொருள்படும் ‘ஐ’ம் ஈவ்’. பிறர் சூட்டிய பெயரைத் தூக்கி எறியவில்லை அவர். அதைத் தன் கையில் வாங்கிக்கொண்டார்.

உண்மையில் இந்த நோய் என்ன? தினமும் போகும் பாதையில் பஸ்ஸில் போகிறவருக்கு, இறங்கிய பின் வழியில் பார்த்தது எதுவும் நினைவிருக்காது. மனம் தன்னிலிருந்தே சற்று விலகி நிற்கும் இந்தத் திறன் எல்லோருக்கும் உண்டு. தாங்க முடியாத அச்சமோ அதிர்ச்சியோ ஏற்படும்போது, குறிப்பாகக் குழந்தைப் பருவத்தில், இந்த விலகல் ஒரு தற்காப்பு ஆகிறது. அதுவே பழக்கமாகி, நினைவும் உணர்வும் ‘நான்’ என்ற எண்ணமும் ஒன்றோடொன்று ஒட்டாமல் போகும்போது நோயாகிறது. பல நோயாளிகளின் கதையில் சிறு வயதில் அனுபவித்த கொடுமை இருக்கும். சைஸ்மோர் தன் பெற்றோர் கொடுமைக்காரர்கள் அல்லர் என்றார். சிறுமியாக நேரில் கண்ட சாவும் ரத்தமும்தான் தன்னை உலுக்கின என்றார்.

மருத்துவ உலகமும் பெயரை மாற்றிக்கொண்டே வந்தது. ஒரு காலத்தில் எல்லாமே ‘ஹிஸ்டீரியா’. கருப்பையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்த பெயர். பெண்ணாய்ப் பிறந்ததே நோய்க் காரணம் என்று சொல்லாமல் சொல்லும் பெயர். 1980ல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு ‘மல்டிபிள் பர்ஸனாலிட்டி டிஸார்டர்’ என்றது. 1994ல் அதுவும் மாறி ‘டிஸோஸியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸார்டர்’ ஆயிற்று. வெறும் சொல் விளையாட்டு அல்ல இது. முந்தைய பெயர், ஓர் உடலில் பல ஆட்கள் குடியிருப்பதாகச் சொன்னது. புதிய பெயர், ஒரே ஆளின் பகுதிகள் ஒன்றுசேர முடியாமல் தவிப்பதாகச் சொல்கிறது. நோயாளிக்கு இந்த வித்தியாசம் பெரிது. பல ஆட்களை விரட்ட வேண்டும் என்றால் அது போர். சிதறியதைச் சேர்ப்பது என்றால் அது மருத்துவம்.

சர்ச்சையும் இல்லாமல் இல்லை. சிகிச்சை என்ற பெயரில் டாக்டர்களே இந்த முகங்களை ஊட்டி வளர்க்கிறார்கள் என்று வாதிடும் நிபுணர்கள் உண்டு. ஈவின் டாக்டர்களே 1984ல் எச்சரித்தார்கள்: முப்பது ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான நோயாளிகளைப் பார்த்தும், ஈவைத் தவிர இன்னும் ஒரே ஒருவருக்குத்தான் இந்த நோய் இருப்பதாகத் தங்களால் சொல்ல முடிந்தது என்று எழுதினார்கள். தாங்கள் எழுதிய கதையின் வெற்றி அவர்களையே பயமுறுத்தியிருக்க வேண்டும்.

நம் நாட்டிலும் இந்த நோயைப் பலருக்கு அறிமுகம் செய்தது சினிமாதான். 1993ல் மலையாள ‘மணிச்சித்ரத்தாழ்’, 2005ல் தமிழில் அதன் மறுவடிவமான ‘சந்திரமுகி’. அதே 2005ல் ‘அந்நியன்’, கைவிடப்பட்டுப் பதினோரு வருடமான பழைய பெயரைத் தமிழர்கள் நாவில் ஏற்றியது. கொஞ்சம் கோபப்பட்டால் ‘அந்நியன்’ என்றும், பெண் குரலை உயர்த்தினால் ‘சந்திரமுகி’ என்றும் கேலி செய்வது வழக்கமாயிற்று. மனச்சிதைவு எனப்படும் ஸ்கிஸோஃப்ரெனியாவையும் இதையும் ஒன்றாகக் குழப்புவது இன்னொரு வழக்கம்.

நம் மருத்துவமனைகளுக்கு இந்த வகை நோயோடு வருகிறவர்களில் பெரும்பாலோர் திரையில் காண்பது போல இருப்பதில்லை. திடீரென்று பேச்சு நின்றுபோன மருமகள், பரீட்சை நேரத்தில் வலிப்பு போலத் துடிக்கும் மாணவி, கை விளங்காமல் போன இளைஞன். நரம்பில் பழுதில்லை என்று ஸ்கேன் சொன்னதும் வீட்டார் இரண்டே முடிவுக்கு வருகிறார்கள்: ஒன்று, பேய், அல்லது, நடிப்பு. இரண்டுமே நோயாளியின் வாயை அடைக்கும் பெயர்கள். அந்த உடம்பு எதைச் சொல்ல முயல்கிறது என்று கேட்கத் தோன்றுவதில்லை.

சாமி வருவதெல்லாம் நோயா என்ற கேள்வி எழலாம். இல்லை என்கிறது 2022ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல். சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வருவது நோயல்ல. விரும்பாமல், கட்டுப்படுத்த முடியாமல் வந்து, வாழ்க்கையைக் குலைத்தால்தான் நோய். இந்தியாவின் 2017ம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமும் இதை ஒட்டியே பேசுகிறது. ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்படிதான் ஒருவருக்கு மனநோய் என்று தீர்மானிக்கலாம். குடும்பத்தின், சமூகத்தின் ஒழுக்க மதிப்பீடுகளுக்கு ஒத்துப்போகாததை மட்டும் வைத்து முத்திரை குத்தக் கூடாது. சிகிச்சை விவரம் ரகசியமாக இருக்க வேண்டும் என்பதும் நோயாளியின் உரிமை. சட்டம் வீட்டு வாசல் வரைதான் வரும். உள்ளே என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பது அதன் கைக்கு எட்டாது.

இந்த நோய்க்கென்று தனி மாத்திரை கிடையாது. உடன்வரும் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் மருந்து உண்டு. மற்றபடி பேச்சுதான் சிகிச்சை. அது வருடக்கணக்கில் நீளலாம். பாதுகாப்பாக உணர்வது, நினைவுகளை மெதுவாக அணுகுவது, தனக்கு நினைவில்லாத நாட்களையும் தன்னுடையவையே என்று ஏற்பது என்று படிப்படியாகப் போகும் பாதை. சினிமாவின் கடைசிக் காட்சி போல ஒரே இரவில் நடப்பதில்லை. ஒன்றுசேர்வதோடு பிரச்சினை தீர்வதுமில்லை. அதன் பின் எப்படி வாழ்வது என்பதைத்தான் சைஸ்மோர் 1989ல் எழுதிய இன்னொரு புத்தகம் பேசியது. ‘எனக்கென்று ஒரு மனம்’ என்பது அதன் தலைப்பின் பொருள்.

அந்த மனத்தின் கதை யாருக்குச் சொந்தம் என்ற வழக்கும் அந்த ஆண்டுதான் நடந்தது. 1950களில் போட்ட ஒப்பந்தத்தைக் காட்டி, அவருடைய வாழ்க்கைக் கதையின் திரைப்பட உரிமை தங்களுக்கே என்றது பழைய படத்தைத் தயாரித்த நிறுவனம். சைஸ்மோர் நியூயார்க் நீதிமன்றத்துக்குப் போனார். விவகாரம் சமரசத்தில் முடிந்தது. கதை அவரிடமே திரும்பியது. அதன் பின் ஓவியம் தீட்டினார். ஊர் ஊராகச் சென்று மனநோயாளிகளின் உரிமைக்காகப் பேசினார். 2016 ஜூலையில் ஃப்ளோரிடாவில் 89 வயதில் காலமானார். நோயோடு கழிந்ததைப் போல நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஒரே பெயருடன், ஒரே ஆளாக வாழ்ந்திருந்தார். அந்த நாற்பது ஆண்டுகளை யாரும் படமாக எடுக்கவில்லை.