காட்டோரத்தில் கண்ட கந்தல் போர்வை

சென்ற டிசம்பர்த் திங்களில், என்னுடன் ஓதிய தோழர் ஒருவரின் இல்லத் திருமணத்திற்காகக் கர்நாடகத்தின் ஹூப்ளி நகருக்குச் சென்றிருந்தேன். நிக்காஹ் இனிதே நிறைவேறிய மறுநாள், "இவ்வளவு தொலைவு வந்துவிட்டீர்கள், எங்கள் காட்டுப் பகுதியையும் கண்டு செல்லுங்கள்" என்று வற்புறுத்தி, உத்தர கன்னட மாவட்டத்து முண்டகோட்டுக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூருக்கு என்னையும் தம் துணைவியாரையும் அழைத்துச் சென்றார். கரிசல் வயல்கள் பின்தங்க, தேக்கு மரங்கள் சாலையின் இருபுறமும் எழுந்தன.

அங்கு வாழ்வோர் ஸித்தி இனத்தார். நம் ஊரில் சிற்றன்னையைக் குறிக்கும் சொல்லன்று இது. 'ஸய்யிதீ' என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்று கூறுவோர் உண்டு. இவர்களின் முன்னோர் ஆப்பிரிக்க மண்ணிலிருந்து வந்தவர்கள். தக்காணத்துச் சுல்தான்களின் படைகளில் பணிபுரிய வந்தோர் சிலர். அஹ்மத் நகர் அரசைத் தாங்கி நின்ற மாலிக் அம்பர் (மறைவு 1626) அபிசீனியாவில் பிறந்தவரே. போர்ச்சுகீசியரால் அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டு, தப்பியோடி இக்காடுகளில் அடைக்கலம் புகுந்தோர் வேறு சிலர். இன்று இவர்களுள் முஸ்லிம்கள், இந்துக்கள், கிறிஸ்தவர்கள் என மூன்று சமயத்தாரும் உள்ளனர். 2003ஆம் ஆண்டில்தான் இவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கப்பட்டனர்.

நாங்கள் சென்ற வீட்டுத் திண்ணையில், அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் கால்களை நீட்டி அமர்ந்து தைத்துக்கொண்டிருந்தார். மடியை மூடிக் கிடந்தது ஒரு போர்வை. அதனை அவர்கள் 'கவந்த்' என்கின்றனர். பழம்புடவை ஒன்றை அடித்துணியாக விரித்து, கிழிந்த சட்டை, சாயம் போன பாவாடை, தையற்காரர் கழித்த வெட்டுத்துணி ஆகியவற்றை அதன்மேல் வைத்துத் தைக்கின்றனர். பஞ்சு இல்லை, சட்டம் இல்லை, அளவுகோலும் இல்லை. ஒரு மூலையில் தொடங்கி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, இறுதியில் நடுப்பகுதியை அடைகிறது ஊசி. ஒரு துண்டின் விளிம்பை அடுத்த துண்டு மூட, நெருக்கமான ஓட்டத் தையல் எல்லா அடுக்குகளையும் ஒருசேரப் பிணைக்கிறது. நான்கு மூலைகளிலும் துணியை முக்கோணமாக மடித்துப் 'பூ' வைக்கின்றனர். பூ வையாத போர்வை ஆடையற்ற உடலுக்கு ஒப்பாம்! முஸ்லிம் பெண்கள் சிலர் பிறையையும், கிறிஸ்தவப் பெண்கள் சிலர் சிலுவையையும் வைத்துத் தைப்பதுண்டு. மலைக்காட்டு மழைக்கும் பனிக்கும் இதுவே காப்பு. தொட்டில் குழந்தைக்கு என்று தனியே சிறிய போர்வைகளும் தைக்கின்றனர்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கலை வரலாற்றுப் பேராசிரியராகப் பணியாற்றிய ஹென்றி ட்ரூவல் இக்கலையை ஆராய்ந்து எழுதியுள்ளார். 2011இல் நியூயார்க் நகரின் ஷோம்பர்க் ஆய்வு மையத்தில் இப்போர்வைகள் காட்சிக்கு வைக்கப்பட்டன. கந்தலென்று நாம் கழிப்பதைக் காண அங்கே மக்கள் வந்தனர்.

அம்மையாருக்கு உருது தெரிந்திருந்தது. "மௌலானா, உங்கள் ஊரில் பழைய துணியை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார். "ஏழைகளுக்குக் கொடுப்போம்" என்றேன்.

"கொடுக்க முடியாதபடி கிழிந்தவற்றை?"

எனக்கு விடை எழவில்லை. என் உம்மா வஃபாத்தாகி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. நல்ல புடவைகளை அப்போதே பங்கிட்டுக் கொடுத்துவிட்டோம். கிழிந்தவற்றை மட்டும் டிரங்குப் பெட்டியில் இட்டுப் பூட்டினோம். "உம்மாவின் வாசனை போய்விடும், திறக்காதீர்கள்" என்று என் தங்கை அழுததால், அதன்பின் எவரும் அதைத் தொட்டதில்லை.

ஊர் திரும்பியதும் தங்கையை வரவழைத்துப் பெட்டியைத் திறந்தோம். அடியிலிருந்தவை துருவேறிக் கிடந்தன. உம்மா தொழுகைக்கு அணிந்த வெண்துப்பட்டியை அந்துப்பூச்சி சல்லடையாக்கியிருந்தது. எந்த வாசனையைக் காக்கப் பூட்டினோமோ அது அங்கில்லை. தங்கை நெடுநேரம் பேசவில்லை. நான் கண்டுவந்ததைச் சொன்னேன். "உம்மாவின் துணியில் கத்தரி வைப்பதா?" என்று எழுந்து போய்விட்டாள்.

பத்து நாட்களுக்குப் பின் அவளே வந்தாள். பூச்சி தின்றது போக எஞ்சியவற்றை என் மனைவியும் அவளும் தேர்ந்தெடுத்தனர். முதல் வரிசைகள் கோணலாயின, பிரித்துத் தைத்தனர். முழுப் போர்வைக்குத் துணி போதவில்லை. தொட்டில் அளவுக்கே வந்தது. துப்பட்டியில் கிழியாதிருந்த சிறு பகுதி நான்கு மூலைகளுக்கும் பூவாயிற்று. இப்போது அதன்மேல் தங்கையின் பேரக் குழந்தை உறங்குகிறது.

தம் ஆடையைத் தாமே தைத்துக்கொண்ட நபிகள் நாயகத்தைப் (ஸல்) பற்றி மத்ரஸாவில் ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். ஆயினும், என் வீட்டுப் பெட்டியைத் திறக்க ஒரு காட்டூர் மூதாட்டி வினவ வேண்டியிருந்தது. சகோதரிகளே, உங்கள் இல்லத்திலும் அத்தகைய பெட்டி இருக்குமாயின், அந்துப்பூச்சிக்கு முன் நீங்கள் அதைத் திறந்துவிடுங்கள்.