கலங்கிய எண்ணெய்

2012இல் மேட்டூர் அணை ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படவில்லை. திருவையாற்றுக்கு அருகே எங்கள் குறுவை நாற்றங்காலை டீசல் எஞ்சின்தான் காத்துவந்தது. நிலத்தடி நீர் இறங்கியது. இறைக்கும் தண்ணீரில்தான் எஞ்சினும் குளிரவேண்டும். அது கொதித்தது. அப்பா நிறுத்தவில்லை.

மெக்கானிக் எண்ணெய் மட்டம் பார்க்கும் குச்சியை உருவினார். பால் கலந்த தேநீரின் நிறம்.

“ஹெட் கேஸ்கட் போயிடுச்சுங்கய்யா. ஆயில்ல தண்ணி எறங்கிடுச்சு. இனி ஓட்டுனா பேரிங்கும் போயிடும்.”

எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்று கேட்டு வளர்ந்தவன் நான். எஞ்சின் கடைந்தால் கலந்துவிடுகிறது.

பிரித்துப் பூட்ட ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் நாற்று கருகியது. அணை திறந்தது செப்டம்பரில். முன்பே நிறுத்தியிருந்தால் எஞ்சின் பிழைத்திருக்கும்; நாற்று அன்றே போயிருக்கும். அப்பா செய்தது பிழையென்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.