ஏழைபடும் பாடு: எங்கள் வீட்டின் தீராத வழக்கு

எங்கள் குடும்பத்தில் சொத்து வழக்கு ஏதும் நடந்ததில்லை. வழக்காடும் அளவுக்குச் சொத்து இருந்ததுமில்லை. ஆனால் ஒரு நாவலைப் பற்றிய வழக்கு மட்டும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகத் தீர்ப்பின்றி நடந்து வருகிறது. வாதிகள் சிலர் இறைவனிடம் சென்றுவிட்டனர். வழக்கு நிற்கவில்லை.

1950-ஆம் ஆண்டு 'ஏழை படும் பாடு' என்ற திரைப்படம் வெளிவந்தது. பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹியூகோவின் நாவலை யோகி சுத்தானந்த பாரதியார் அப்பெயரில் தமிழாக்கியிருந்தார். அதைத் தழுவிப் பட்சிராஜா நிறுவனத்தார் கே. ராம்நாத்தின் இயக்கத்தில் படமெடுத்தனர். 'பீதல பாட்லு' என்று தெலுங்கிலும் அதே ஆண்டில் வந்தது. இரண்டிலும் கதைத்தலைவர் சித்தூர் வி. நாகையா. அந்நாளில் திருத்தணியும் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தமையால் எங்கள் ஊரார் அவரைத் தங்கள் உறவினர் போலவே கருதினர். போதாக்குறைக்குப் படத்தில் அந்த முன்னாள் கைதிக்குக் கந்தன் என்று பெயர். தணிகை மலையடியில் வாழ்பவர்களுக்கு அப்பெயர் நெருக்கமாக ஒலிக்காமல் இருக்குமா? கிறிஸ்தவர்களாகிய எங்கள் வீட்டிலும் அது 'கந்தன் கதை' என்றே வழங்கிற்று.

என் தந்தையார் தமிழ்ப்படத்தைப் பார்த்தார். என் தாய்மாமன் நகரியில் தெலுங்குப் பள்ளியில் படித்தவர். அவர் பார்த்தது தெலுங்குப் படம். மறுவாரமே இருவருக்கும் வழக்கு தொடங்கிவிட்டதாம். 1953-இல் ஆந்திர மாநிலம் பிறந்தபோது இரு ஊர்களும் அதனுள் சென்றன. ம. பொ. சிவஞானம் முன்னின்று நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, 1960 ஏப்ரல் முதல் நாள் திருத்தணி சென்னை மாநிலத்தோடு இணைந்தது. நகரி அப்பக்கமே நின்றுவிட்டது. எல்லைக்கோடு குடும்பத்தின் நடுவே விழுந்தும் இவர்கள் வழக்கு ஓயவில்லை. திருவிழாவுக்கு நகரி மாமா வந்தால், சாப்பாட்டுக்குப் பின் வெற்றிலைத் தட்டோடு அதுவும் திண்ணைக்கு வந்துவிடும்.

கதையை வாசகர்களில் பலர் அறிவர். பசிக்கு ஒரு ரொட்டியைத் திருடிய ழான் வல்ழான் ஐந்தாண்டுத் தண்டனை பெறுகிறான். தப்பியோட முயன்றதால் அது பத்தொன்பது ஆண்டாக நீள்கிறது. 1815-இல் விடுதலையான அவனுக்கு ஒருவரும் கதவு திறக்கவில்லை. மிரியேல் என்னும் வயது முதிர்ந்த ஆயர் ஒருவர் மட்டும் விருந்தினனாக ஏற்கிறார். அவன் அவருடைய வெள்ளித் தட்டுகளைத் திருடிக்கொண்டு ஓடுகிறான். காவலர் பிடித்துவந்தபோது ஆயர், அவற்றைத் தாமே கொடுத்ததாகச் சொல்லி, இரண்டு வெள்ளி மெழுகுதிரித் தண்டுகளையும் சேர்த்துக் கொடுத்தனுப்புகிறார். அந்தத் தண்டுகளை அவன் சாகும்வரை வைத்திருந்தான்.

தந்தையாருக்கு நாவல் அத்தோடு முடிந்துவிட்டது என்றே சொல்லலாம். மற்றவை எல்லாம் அந்தத் தண்டுகளின் ஒளியில் நடந்தவை என்பார். படத்தைப் பார்த்தபின் பாரதியாரின் மொழிபெயர்ப்பை விலைக்கு வாங்கிய அவர், ஆயர் வரும் பக்கங்களை ஆண்டுதோறும் தவக்காலத்தில் எங்களுக்கு வாசித்துக் காட்டுவார்.

நகரி மாமா நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். அவர் மனத்தைப் பறித்தவன் வல்ழானைத் துரத்தும் காவல் அதிகாரி ஜாவர். தமிழ்ப்படத்தில் அவ்வேடம் தாங்கிய சீதாராமனுக்கு வாழ்நாள் முழுதும் 'ஜாவர் சீதாராமன்' என்றே பெயர் நிலைத்தது என்றால், அந்தப் பாத்திரத்தின் வலிமையை அறியலாம். "மச்சான், உங்கள் ஆயர் ஒருநாள் இரக்கம் காட்டினார். ஜாவர் ஒவ்வொரு நாளும் கடமை செய்தான். ஊரில் எல்லாரும் தண்டுகளைத் தூக்கிக் கொடுத்துவிட்டால் கோர்ட்டு எதற்கு?" என்பார் மாமா. தன்னைக் கொல்லாமல் விட்ட வல்ழானைக் கைது செய்யவும் முடியாமல், விடவும் மனமில்லாமல் ஜாவர் ஆற்றில் குதித்து இறக்கிறானே, அந்தக் கட்டம் வந்தால் மாமாவின் குரல் கம்மிவிடும். சட்டத்தை மட்டுமே கற்றவனுக்கு மன்னிப்பைத் தாங்கும் பலம் இல்லை என்பார் தந்தையார். அவனுக்கு அதை யார் கற்றுக்கொடுத்தார்கள் என்று கேட்பார் மாமா.

இதற்கிடையே மூன்றாவது கட்சி ஒன்றும் இருந்தது. எங்கள் உபதேசியார், இந்நூல் திருச்சபையால் விலக்கப்பட்டது, கத்தோலிக்கன் கையால் தொடலாகாது என்றார். அவர் சொன்னது பொய்யன்று. 1864-இல் உரோமை இந்நாவலை விலக்கப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. 1959 வரை அது அப்பட்டியலில் இருந்தது. பட்டியலே 1966-இல்தான் வழக்கொழிந்தது. அப்படி விலக்கப்பட்ட நூலை எம்மொழியில் பெயர்த்தாலும் விலக்கு விலக்கே என்பது அன்றைய திருச்சபைச் சட்டம். எனவே என் தந்தையார் தவக்காலப் பக்திமுயற்சியாக வாசித்த ஆயரின் கதை, சில ஆண்டுகள் முறைப்படி குற்றமாகவே இருந்திருக்கிறது! ஓர் இந்து யோகி தமிழில் தந்த ஆயரை ஒரு கத்தோலிக்க உபதேசியார் தடுத்த காட்சியை எண்ணினால் இன்றும் எனக்குச் சிரிப்பு வருகிறது.

விலக்கியவர்களுக்குக் காரணங்கள் இருந்தன. துறவு மடங்களைப் பற்றிக் கடுமையான அதிகாரங்கள் நாவலில் உண்டு. அதைவிட முக்கியமாக, பிரெஞ்சுப் புரட்சிச் சபையில் உறுப்பினராக இருந்த ஒரு முதியவரை மரணப்படுக்கையில் மனந்திருப்பச் செல்லும் மிரியேல் ஆயர், முடிவில் அவர்முன் முழந்தாளிட்டு ஆசி கேட்கிறார். குருக்களைக் கொன்ற புரட்சியின் முன் ஓர் ஆயரே முழந்தாளிடுவதா என்று அன்றைய கத்தோலிக்கர் கொதித்தனர். அவர்கள் மட்டுமல்ல. 1848-இன் குடியரசைத் தலைமை தாங்கி அறிவித்த கவிஞர் லமார்த்தீன், நடக்கவியலாதவற்றின்மேல் ஏழைகளுக்கு ஆசையூட்டும் ஆபத்தான நூல் இது என்று எழுதினார். மறுபுறம், ஹியூகோவின் மகனுக்கு ஆயர் வருவதே பிடிக்கவில்லை, அவ்விடத்தில் ஒரு மருத்துவரை வைக்கலாமே என்று தந்தையிடம் கேட்டார் என்பர். பக்தர்களுக்குப் புரட்சி அதிகம், புரட்சிக்காரர்களுக்கு ஆயர் அதிகம். மிரியேலோ முழுக் கற்பனையும் அல்லர். 1806 முதல் 1838 வரை தீஞ் நகரின் ஆயராயிருந்த மியோலி அவருக்கு முன்மாதிரி.

இத்தனை நாளும் நான் எக்கட்சி என்று வாசகர்கள் கேட்கலாம். வாயளவில் தந்தையாரின் கட்சிதான். 1978-இல் ஒரு மாணவர் விடுதியில் காப்பாளராக இருந்தேன். பள்ளிப்பட்டுப் பக்கத்து நெசவாளர் வீட்டுப் பையன் ஒருவன் விடுமுறைக்குப் போகும்போது, விடுதி அரிசியில் இரண்டு படியைத் துணிப்பைக்குள் வைத்து எடுத்துச்சென்றான். வாயிலில் பிடித்தேன். விதிப்படி பதிவேட்டில் எழுதி, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பி, அவனை நீக்கச் செய்தேன். அரிசி எதற்கென்று கேட்டதாக எனக்கு நினைவில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது நகரி மாமாவும் இருந்தார். விதியென்றால் விதிதான் என்று அவர் என்னைத் தேற்றுவார் என எதிர்பார்த்தேன். அவரோ ஒன்றும் பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார். தந்தையாரும் எதுவும் சொல்லவில்லை. அவ்வாண்டுத் தவக்காலத்தில் வாசிக்கும் முறையை மட்டும் என்னிடம் கொடுத்தார். தட்டுகளைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் என்னால் தொடர இயலவில்லை. பின்பு அந்தப் பையனின் ஊருக்குப் போய் விசாரித்தேன். தறியை விற்றுவிட்டு வேற்றூருக்குப் போய்விட்டார்கள் என்றனர் அண்டை வீட்டார்.

இப்போது வழக்கை நடத்துகிறவள் என் தங்கையின் பேத்தி. கல்லூரியில் படிக்கிறாள். முழு நாவலையும் ஆங்கிலத்தில் படித்து முடித்தவள் எங்கள் குடும்பத்தில் அவள் ஒருத்திதான். "தாத்தா, நீங்கள் எல்லாரும் முதல் நூறு பக்கத்திலேயே நின்றுவிட்டீர்கள். 1832-இல் தடுப்பரண் கட்டித் தெருவில் செத்தார்களே மாணவர்கள், அவர்களைப் பற்றி ஒருவரும் பேசுவதில்லையே?" என்று கேட்டாள். உண்மைதான். அவ்வாண்டு பாரீசில் காலரா பரவி ஏழைகள் கொத்துக்கொத்தாக மடிந்தனர். அதே நோய்க்குப் பலியான தளபதி லமார்க்கின் இறுதி ஊர்வலத்தில், ஜூன் 5-ஆம் நாள் கலகம் வெடித்து மறுநாளே அடக்கப்பட்டது. தோற்றுப்போன அந்த இரண்டு நாளுக்காக ஹியூகோ நாவலில் எத்தனையோ பக்கங்களைச் செலவிட்டிருக்கிறார்.

அவளுக்கு விடை சொல்ல நான் தேடிய இடம் எங்கள் பங்கின் வின்சென்ட் தெ பவுல் சபை. நான் அதில் நெடுநாள் உறுப்பினன். அதைத் தொடங்கிய பிரெடெரிக் ஓசானாம் அதே பாரீசில், அதே ஆண்டுகளில் சட்டம் படித்த மாணவர். உங்கள் திருச்சபை இன்று என்ன செய்கிறது என்று எதிரணி இளைஞர்கள் ஏளனமாகக் கேட்டபோது, 1833-இல் இருபது வயதில் நண்பர் சிலரோடு ஏழைகளின் வீட்டுப்படி ஏறினார். வழி காட்டியவர் அருட்சகோதரி ரோசலி ராந்து. 1997 ஆகஸ்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் பாரீசில் ஓசானாமை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார். "பார்த்தாயா, தடுப்பரண் கட்டாத மாணவர்களும் அத்தெருக்களில் இருந்தார்கள்" என்றேன்.

அவள் எளிதில் விடவில்லை. "மாதந்தோறும் நெசவாளர் வீடுகளுக்கு அரிசி கொடுக்கிறீர்கள். கூலி எவ்வளவு என்று என்றாவது கேட்டீர்களா?" என்றாள். அரிசியும் நெசவாளரும் ஒரே வாக்கியத்தில் வந்தபோது நான் துணுக்குற்றேன். 1978-இல் நடந்ததை அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

1848 ஜூனில் பாரீசில் மீண்டும் தடுப்பரண்கள் எழுந்தன. ஓசானாமும் நண்பர்களும் வேண்டிக்கொண்டதன்பேரில் பேராயர் ஆஃப்ர், சமாதானம் பேசத் தடுப்பரணுக்கே நடந்து சென்றார். அங்கே குண்டடிபட்டு இரண்டு நாளில் உயிர்நீத்தார். அதே நாட்களில் விக்டர் ஹியூகோ பாராளுமன்ற உறுப்பினராக, கலகத்தை அடக்கும் தரப்பில் தடுப்பரணுக்கு எதிரே நின்றார் என்பதை அறிந்தபோது நான் வியந்தேன். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின் 1862-இல், நாடு கடந்து வாழ்ந்த நிலையில் இந்நாவலை வெளியிட்டார். எங்கள் திண்ணையில் நடந்த வழக்கு முதலில் அவருக்குள்ளேயே நடந்திருக்கிறது. மெழுகுதிரித் தண்டோடு வீட்டிலிருந்த ஆயரை அவர் படைத்தார். தடுப்பரணுக்கு நடந்துவந்த பேராயரைப் போன்ற ஒருவரை ஏனோ கதைக்குள் நடக்கவிடவில்லை. நாவலில் எனக்குள்ள ஒரே குறை இதுதான். பேத்தியோ, அப்படி ஒருவர் வந்திருந்தால் நீங்கள் எல்லாரும் மறுபடி மாணவர்களை மறந்துவிட்டு அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பீர்கள் என்கிறாள்.

சென்ற மாதச் சபைக் கூட்டத்தில், அரிசி வாங்கும் வீடுகளில் தறிக்கூலியையும் கேட்டு எழுதிவருவதென்று முடிவாயிற்று. பதிவேட்டை என்னிடம் கொடுத்தார்கள். கையில் வாங்கத் தயங்கினேன். பேத்தி வாங்கிக்கொண்டாள். ஞாயிறு திருப்பலிக்குப் பின் இருவரும் பள்ளிப்பட்டுப் பேருந்தில் போகிறோம். அவளுடைய ஆங்கில நாவலை எங்கள் உதவிப் பங்குத்தந்தை வாங்கிச் சென்று இரண்டு மாதமாகிறது. வாட்டர்லூ போரில் நிற்பதாகச் சொல்கிறார். அவர் எக்கட்சி என்பது இன்னும் தெரியவில்லை.