மானிப்பாயிற் கற்கத்தக்க பாடம்

யாழ்ப்பாண நகரிலிருந்து ஆனைக்கோட்டை வழியாகக் காரைநகர் நோக்கிச் செல்லும் பெருந்தெருவில், ஏறக்குறைய 5 மைல் தொலைவில் உள்ளது மானிப்பாய். மருதடி விநாயகர் கோயிலால் இவ்வூரின் பெயர் நம் மக்கள் நாவில் நிலைத்திருக்கின்றது. கோயிலை வணங்கி மீளும் நாம், அவ்வூரில் உள்ள கிறீன் ஞாபகார்த்த வைத்தியசாலையின் முன்னும் சற்றுத் தரித்தல் தகும். மருத்துவராக விரும்பும் மாணவர்க்கு அங்கே ஒரு பாடம் உண்டு.

சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பார் 1822ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் மாநிலத்திற் பிறந்தவர். நியூயோர்க்கில் மருத்துவம் பயின்று 1845இல் பட்டம் பெற்றார். 1847இல் அமெரிக்க மிஷன் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டிலே மானிப்பாயில் நோயாளரைப் பார்ப்பதோடு நம்மவர்க்கு மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார். சமயம் பரப்பும் நோக்குடன் வந்தவர் அவர் என்பது மறைக்கற்பாலதன்று. சமயத்தால் நாம் வேறுபட்டவர். ஆயினும், நோயுற்றோர்க்கு அவர் செய்த உதவியை மறத்தல் நன்றன்று.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்திலேயே கற்பித்தார். அதிலே ஒரு குறை தோன்றிற்று. ஆங்கிலத்திற் கற்றவர் உத்தியோகம் நாடித் தூரவிடங்களுக்குச் செல்லும் நிலை இருந்தது. கிராமத்து நோயாளிக்கு வைத்தியர் இல்லாக் குறையோ தீரவில்லை. தாய்மொழியிற் கற்றவர் தம் மக்களோடு தங்குவர் என்று கிறீன் கருதினார். 1857இல் தாயகம் சென்று 1862இல் மீண்டு வந்தபின், மருத்துவ வகுப்பைத் தமிழிலே நடத்தலானார்.

கற்பிப்பதற்கு நூல் வேண்டும். நூலுக்குச் சொல் வேண்டும். மாணவரும் துணைநிற்க, உடலமைப்பு, இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், இரசாயனம் முதலிய துறைகளில் நாலாயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்கள் தமிழாயின. உடலமைப்பைக் கூறும் நூல் ‘அங்காதிபாதம்’ எனவும், உடலியக்கத்தைக் கூறுவது ‘சுகரணவாதம்’ எனவும் பெயர் பெற்றன. அவரிடம் பயின்றோர் 60 பேருக்கு மேற்பட்டோர்; அவருள் 33 பேர் தமிழிலே கற்றவர். 1873இல் நாடு திரும்பிய பின்னரும் அவர் பணியை விடவில்லை. அவருடைய ‘மனுஷ சுகரணம்’ வெளிவந்தது 1883இல். அடுத்த ஆண்டில் அவர் காலமானார்.

அவருக்குப் பின் தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் 1978இல் அமைந்த மருத்துவபீடத்திலும் ஆங்கிலமே போதனாமொழி. உலகத்து மருத்துவ அறிவோடு தொடர்புகொள்ள அது வேண்டியதே. ஆனால், தீவகத்திலிருந்து வரும் மூதாட்டி, “நெஞ்செரியுது, கால் விறைக்குது” என்றுதான் சொல்லுவார். அச்சொல்லைப் பொறுமையோடு கேட்டு, மருந்தை எப்பொழுது, எதற்காக உட்கொள்ள வேண்டும் என்பதை அவருக்கு விளங்கும் மொழியில் எடுத்துரைக்க வல்லவரே அவருக்கு வைத்தியர். அவ்வாற்றலைப் பரீட்சைச் சித்தி ஒன்றே தந்துவிடாது. மாணவப் பருவத்திலேயே ஏழை எளியோருடன் பழகிப் பெறவேண்டியது அது.

பிள்ளை மருத்துவபீடத்துக்குத் தெரிவானதும், மேற்படிப்பு எந்த நாட்டில், தொழில் எந்த நகரில் என்று நம் வீடுகளிற் பேச்சு எழுகின்றது. வைத்தியர் குறைந்த ஊர் எது என்ற வினா எழுவது அரிது. அவ்வினாவையும் பெற்றோர் தம் பிள்ளையிடம் ஒருமுறை கேட்பாராக. வன்னியிலும் தீவுகளிலும் வைத்தியரை எதிர்பார்த்திருப்போர் நம்மவரே அல்லரோ?