திரையில் பகல் வரும்வரை

எங்கள் கோவில்பட்டி வீட்டில் சாப்பிடும்போது விளக்கு அணைந்தால் கை தானாக நின்றுவிடும். மின்வெட்டானாலும் அதே கட்டுதான். ஆச்சி இருந்த வரைக்கும், இலையின் விளிம்பை இடது கையால் தொட்டுக்கொண்டு, சிம்னி விளக்கு வந்து சேரும்வரை எல்லாரும் பேசாமல் உட்கார்ந்திருப்போம். பூச்சி விழுந்தால் தெரியாது என்பது மாமா சொன்ன காரணம். ஆச்சி காரணமே சொல்ல மாட்டாள். "வெளிச்சம் வரட்டும்" என்பாள், அவ்வளவுதான்.

அந்த ஆச்சியின் மகள், என் அம்மா, 2019-ல் எங்களோடு மூன்று மாதம் இருக்க ஆஸ்டினுக்கு வந்தாள். அவளை நான் அழைத்துப் போனது இருட்டில் சாப்பாடு போடுகிற தியேட்டருக்கு.

டெக்ஸஸின் தலைநகரான ஆஸ்டினில் அலமோ டிராஃப்ட்ஹவுஸ் என்றால் தெரியாதவர் இல்லை. டிம் லீக், கேரி லீக் என்ற கணவனும் மனைவியும் 1997-ல் கொலராடோ தெருவில் ஒரே ஒரு திரையோடு தொடங்கியது. சினிமாவோடு சாப்பாடும் பீரும் தருகிற அரங்குகள் அமெரிக்காவில் அதற்கு முன்பே உண்டு. ஆனால் படம் பார்க்கிறவனுக்கு இவ்வளவு மரியாதை தந்த இடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. படத்துக்கு அரைமணி முன்னால் போய்விட வேண்டும். விளம்பரங்களுக்குப் பதிலாக, அன்றைய படத்தோடு ஏதாவது ஒட்டுறவு உள்ள பழைய துண்டுப் படங்களைத் தேடித் தொகுத்துப் போடுவார்கள். படம் ஆரம்பித்த பிறகு பேசக்கூடாது, அந்த நாட்களில் போனைத் தொடவும் கூடாது. ஒருமுறை எச்சரிப்பார்கள். மறுபடியும் பேசினால் வெளியே போக வேண்டியதுதான், டிக்கெட் காசு திரும்பக் கிடைக்காது. அப்படி வெளியேற்றப்பட்ட ஒரு பெண் கோபத்தோடு போனில் பதிவு செய்த வசவையே 2011-ல் படத்துக்கு முந்தைய எச்சரிக்கையாகப் போட்டுக் காட்டினார்கள்.

நான் போய்ப் பழகிய நாட்களில் வாய்திறக்காமல் சாப்பாடு கேட்பதற்கு ஒரு வழி இருந்தது. இருக்கைக்கு முன்னால் ஒடுக்கமான மேசை, அதில் தாளும் பென்சிலும். வேண்டியதைப் பெரிய எழுத்தில் எழுதி, தாளை மேசை விளிம்பில் நிமிர்த்திவைத்தால் போதும். சர்வர் குனிந்து வருவார். பின்னால் இருப்பவருக்குத் திரை மறையக்கூடாதே! தாளை உருவிக்கொண்டு குனிந்தபடியே போவார். கொஞ்ச நேரத்தில் பீட்சாவோ பர்கரோ பொரித்த ஊறுகாய் வெள்ளரியோ முழங்கையருகே வந்து உட்கார்ந்திருக்கும்.

எங்கள் ஊர் தியேட்டரில் படத்தையும் தீனியையும் பிரித்துவைத்தது இடைவேளை. விளக்குப் போட்டதும் முறுக்குத் தட்டும் கடலைமிட்டாயும் உள்ளே வரும், பவண்டோ பாட்டில் மூடிகள் உடைபடும் சத்தம் வெளியே கேட்கும். மணி அடித்து விளக்கணைந்தால் மறுபடியும் படம். அமெரிக்கப் படங்களுக்கு அந்த நிறுத்தம் இல்லை. இரண்டு மணி நேரமும் படம் ஒரே ஓட்டம். அப்படியிருக்க சோறு போட வேண்டும் என்றால் ஓடுகிற படத்துக்குக் குறுக்கே யாராவது குனிந்துதான் ஆகவேண்டும். சோறு போடாமலும் முடியாது. டிக்கெட் காசில் பெரும்பங்கு படம் தந்தவர்களுக்குப் போய்விடுகிறது, தியேட்டரைத் தாங்கி நிற்பது தீனிதான். 1920-களில் கம்பளம் விரித்த பெரிய அரங்குகள் சோளப்பொரியை வாசலுக்கு வெளியேதான் நிறுத்தின. 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் அதே சோளப்பொரிதான் பல தியேட்டர்களின் கதவை மூடவிடாமல் காத்தது.

அம்மாவோடு போன அன்று லேக்லைன் பகுதி அலமோவில் 'ராட்டட்டூயி' போட்டார்கள். பாரிஸ் உணவகம் ஒன்றில் எலி சமைக்கிற, 2007-ல் வந்த பிக்ஸார் படம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது, ஆனால் அடுப்படி தெரியும், அது போதும் என்று நினைத்தேன். விளக்கணைவதற்கு முன்னால் மேசையைத் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இருட்டுக்குள்ளயா திங்கணும் தாயி?" ஆமாம் என்றேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ் வந்தது. அவள் தொடவில்லை. பிடிக்கவில்லை போல என்று விட்டுவிட்டேன். கொஞ்சம் கழித்துப் பார்த்தால் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுபடி நிறுத்தினாள். மறுபடி எடுத்தாள். எனக்குப் புரியவே நேரமானது. திரையில் பகல் வந்து அந்த வெளிச்சம் மேசையில் விழும்போது மட்டும் அம்மா சாப்பிட்டாள். பாரிஸில் இரவானால் கையை மடியில் வைத்துக்கொண்டாள். ஆச்சியின் கட்டுப்பாட்டை ஒன்பதாயிரம் மைலுக்கும் அப்பால், அந்தத் தியேட்டரின் சட்டத்தையும் மீறாமல், ஒரு வார்த்தை பேசாமல் காப்பாற்றினாள்.

இரண்டாம் முறை சர்வர் பெண் குனிந்து வந்தபோது அம்மா என் கையைத் தட்டினாள். அந்தப் பெண்ணைக் கண்ணால் காட்டி, ஐந்து விரலையும் வாயருகே குவித்து, புருவத்தைத் தூக்கினாள். சாப்பிட்டாளா? பேச முடியாத இடம். தாளில் எழுதினேன்: நீங்கள் சாப்பிட்டாயிற்றா என்று என் அம்மா கேட்கிறாள். அந்தப் பெண் கையிலிருந்த சின்ன விளக்கில் அதைப் படித்தாள், அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள், கீழே ஒரே வரி எழுதினாள்: வேலை முடிந்த பிறகு.

படத்தின் கடைசிப் பகுதியில், கடுகடுத்த முகமுள்ள உணவு விமர்சகர் ஒரு வாய் சாப்பிட்டதும் சின்னப் பையனாகத் தன் அம்மாவின் அடுப்படி வாசலில் நிற்பார். அதற்கு மொழி தேவைப்படவில்லை. அம்மா அழுதுகொண்டே பார்த்தாள்.

அந்த சர்வர் பெண்ணைப் பற்றி அதற்குமேல் நான் யோசிக்கவில்லை. 2023-ல்தான் யோசிக்க வேண்டி வந்தது. கல்லூரியில் சேர்ந்த கோடையில் என் மகள் வேறோர் ஊரில், வேறு நிறுவனத்தின் சாப்பாட்டுத் தியேட்டரில் வேலைக்குப் போனாள். இரவு பன்னிரண்டரைக்கு வந்து முழங்காலுக்கு ஐஸ் வைத்துக்கொள்வாள். எந்தப் படியில் தடுக்கும், எந்த வரிசையில் கால் நீட்டியிருப்பார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பன்னிரண்டு படங்களின் நடுப்பகுதி தெரியும், ஒரு படத்தின் முடிவும் தெரியாது என்றாள். முடிவு வரும் நேரத்தில்தான் அத்தனை மேசைக்கும் பில் கொடுக்க வேண்டும். படத்தில் மூழ்கியவர்கள் டிப்ஸ் கோட்டைக் காலியாக விட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்களாம். "நம்ம ஆளுங்களும்தான்மா" என்றாள். அது எனக்கு வலித்தது.

டிப்ஸ் வாங்கும் ஊழியருக்கு முதலாளி தரவேண்டிய குறைந்தபட்சக் கூலியை அமெரிக்கக் கூட்டரசு 1991-ல் மணிக்கு 2 டாலர் 13 சென்ட் ஆக்கியது. டெக்ஸஸ் இன்றும் அந்தத் தொகையைத்தான் வைத்திருக்கிறது. கூடுதலாகத் தருகிறவர்களும் உண்டு. டிப்ஸோடு சேர்ந்து 7 டாலர் 25 சென்ட் வராவிட்டால் மீதியை முதலாளி ஈடுகட்ட வேண்டும் என்பது விதி. அந்த 7.25-ம் 2009-க்குப் பிறகு ஏறவில்லை. ஆக, டிப்ஸ் என்பது நாம் மனமுவந்து தருகிற அன்பளிப்பு என்ற எண்ணம் இந்த நாட்டில் தவறு. அது கூலி, முதலாளி தராமல் நம் கையில் விட்டுவைத்த கூலி. இந்த ஏற்பாடு நியாயம் என்று நான் நினைக்கவில்லை. நம் கல்யாண வீடுகளில் பரிமாறுகிறவர்கள் கடைசிப் பந்தியில் உட்காருவார்கள், ஆனால் அவர்களுக்கு இலை உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்காது.

நான் முதன்முதலில் போன, ஆறாம் தெரு ரிட்ஸ் அரங்கில் இருந்த அலமோ இப்போது இல்லை. கொரோனாவில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்ட 2021-ல் அதை மூடினார்கள், இன்று அந்தக் கட்டடத்தில் நகைச்சுவை அரங்கு நடக்கிறது. 2024-ல் அலமோவையே சோனி பிக்சர்ஸ் வாங்கிவிட்டது. யார் கைக்குப் போனாலும் குனிந்து வருகிறவர் வந்துகொண்டுதான் இருப்பார்.

அமெரிக்காவில் இப்படியொரு தியேட்டருக்குப் போகிற தமிழர்களிடம் கேட்டுக்கொள்கிறேன். பில் வந்ததும் சேவைக் கட்டணம் சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால் திரையில் என்ன நடந்தாலும் ஒரு நிமிடம் கண்ணைத் தாழ்த்தி, 40 டாலருக்கு 8 டாலர் என்று அந்தக் கோட்டில் எழுதிவிடுங்கள். முடிந்தால் ரொக்கமாகக் கொடுங்கள்.